தீர்வுள்ள நோயும் தீவினைப் பயனும்

நோய் வருவது அசாதா வேதநீயம் என்னும் வினையின் உதயத்தால் என்று நம் ஆகமங்கள் கூறும். அதே ஆகமங்கள் ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என நால்வகைத் தானங்களை வகுத்து, அவற்றுள் ஒன்றாக மருந்தளித்தலை வைத்துப் போற்றுகின்றன. வந்த வினையை நுகர்ந்தே தீர்ப்பதொன்றே அறம் என்றிருப்பின், பிறர் நோய்க்கு மருந்தளிப்பதைச் சிராவகர் கடமையாகச் சான்றோர் வகுத்திருக்க மாட்டார்கள். நம் முன்னோராகிய கணிமேதாவியாரும் காரியாசானும் தாம் இயற்றிய அறநூல்களுக்கு ஏலாதி என்றும் சிறுபஞ்சமூலம் என்றும் மருந்தின் பெயரையே சூட்டினர். அறமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆயினும், நோய் நம் இல்லத்தின் வாயிலுக்கு வந்து நிற்கும்போது மூன்று வினாக்கள் எழாமல் இருப்பதில்லை. இது வினைப்பயன் எனில், இதனைத் தடுக்க முயல்வது தகுமா? பிறர் உடலிலிருந்து வரும் குருதியை நாம் ஏற்கலாமா? உயிர்வதையோடு எவ்வகையிலேனும் தொடர்புடைய மருந்தைக் கொல்லா விரதம் பூண்டவர் உட்கொள்ளலாமா? அமைதியான நேரத்தில் இவ்வினாக்களுக்கு நூல்களைப் புரட்டி விடை காணலாம். சில நோய்கள் நமக்கு அந்த அவகாசத்தைத் தருவதில்லை. அத்தகைய ஒரு நோயை எடுத்துக்கொண்டு இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் இயல்பு

நம் குருதியில் செவ்வணுக்களும் வெள்ளணுக்களும் இருப்பதை யாவரும் அறிவோம். அவற்றோடு தட்டணுக்கள் என்னும் மிக நுண்ணிய அணுக்களும் உண்டு. மருத்துவர்கள் பிளேட்லெட் என்று குறிப்பிடுவது இவற்றையே. ஒரு மைக்ரோ லிட்டர் குருதியில் இவை 1,50,000 முதல் 4,50,000 வரை இருத்தல் இயல்பு. ஓர் அணுவின் வாழ்நாள் எட்டு முதல் பத்து நாள்களே. காயம்பட்ட இடத்தில் ஒன்றுகூடி, குருதி வெளியேறாவண்ணம் அடைத்து நிற்பது இவற்றின் தொழில்.

தட்டணுக்களைக் காயத்தின்மேல் பற்றி நிறுத்துவதற்கு ஒரு புரதம் உண்டு. அதற்கு வான் வில்லிபிராண்டு காரணி என்று பெயர். 1926ஆம் ஆண்டில் ஒரு குருதிக்கசிவு நோயை விவரித்த பின்லாந்து நாட்டு மருத்துவரின் பெயரால் அஃது அவ்வாறு வழங்குகிறது. இப்புரதம் குருதிக் குழாய்களின் உட்சுவரிலிருந்து மிக நீண்ட சங்கிலியாக வெளிவரும். அச்சங்கிலியை வேண்டிய அளவுக்கு நறுக்கி விடுவதற்கென்றே உடலில் ஒரு நொதி இயங்குகிறது. ஏடாம்ட்ஸ்-13 என்பது அதன் பெயர். இந்த நொதி குறைந்துபோனால் விளைவதே திராம்பாட்டிக் திராம்போசைட்டோபீனிக் பர்ப்யூரா என்னும் அரிய நோய். சுருக்கமாக டி.டி.பி. என்பர்.

ஏரிப்பாசனத்தில் வாழ்ந்த நமக்கு இதனை விளங்கிக்கொள்வது எளிது. வாய்க்காலின் இருகரையிலும் கொடிகள் வளர்ந்து நீருக்குள் தொங்குகின்றன. அவற்றை அவ்வப்போது அறுத்து விடும் ஆள் வராமல் நின்றுவிட்டால், மிதந்து வரும் இலையும் தழையும் கொடியில் சிக்கித் திரள்கின்றன. நீர் கடைமடைக்குச் சேர்வதில்லை. கடைமடைப் பயிர் வாடுகிறது. உடலில் அந்தக் கடைமடை மூளையும் இதயமும் சிறுநீரகமுமாம். நறுக்கப்படாத சங்கிலிகளில் தட்டணுக்கள் சிக்கி, நுண்குழாய்கள் எங்கும் சிறுசிறு உறைகட்டிகளாகத் திரள்கின்றன. அவ்வழியே நெருக்கிச் செல்லும் செவ்வணுக்கள் கிழிந்து சிதைகின்றன.

இங்கே ஒரு முரண் தோன்றுவதைக் காண்க. தட்டணு குறைந்தால் குருதி உறையாது ஒழுகும் என்பது பொதுவாக நாம் அறிந்தது. இந்நோயிலோ தட்டணு குறைவதற்குக் காரணமே அளவுக்கு மீறிய உறைதல்தான். வெளியே தோலில் ஊதாநிறப் புள்ளிகளாகக் கசிவு தோன்ற, உள்ளே உறைதல் நடைபெறுகிறது. ஒரே உடலில் ஒரே நேரத்தில் இரண்டும் உண்மை.

சிலர் இந்த நொதிக்குரிய மரபணுவில் குறையுடன் பிறக்கின்றனர். அத்தகையோருக்குப் பிறந்தவுடனேயோ, பெண்களாயின் கருவுற்ற காலத்திலோ நோய் வெளிப்படுவதுண்டு. பெரும்பாலோருக்கு இடைவயதில், உடலின் காப்பாற்றலே வழிதவறி, தன் நொதியைத் தானே பகையெனக் கருதித் தாக்குவதால் இந்நோய் வருகிறது. ஆடவரினும் பெண்டிருக்கு இது மிகுதி. பத்து இலட்சம் பேரில் ஆண்டொன்றுக்கு ஒரு சிலரையே பற்றும் எனினும், பற்றிய பின் நாள்களை எண்ணிக்கொண்டிருக்க இடமில்லை. காரணமறியாச் சோர்வு, வெளிறிய முகம் அல்லது மஞ்சள் படிந்த கண்கள், கால்களில் ஊசிமுனை போன்ற சிவந்த புள்ளிகள், கருத்த சிறுநீர், தலைவலி, வயிற்றுவலி, மார்புவலி, சொல் குழறுதல், மனக்குழப்பம், வலிப்பு ஆகியவற்றுள் சில ஒருங்கே தோன்றும். எல்லா அறிகுறிகளும் சேரும்வரை காத்திருத்தல் கூடாது.

ஒரே எண், பல உண்மை

குருதிச் சோதனைத் தாளில் தட்டணு 20,000 என்று இருந்தால், அந்த எண் எதனைக் குறிக்கும்? டெங்குக் காய்ச்சலாக இருக்கலாம். அதில் தட்டணு சில நாள் குறைந்து, பெரும்பாலோர்க்குத் தானே ஏறிவிடும். ஐ.டி.பி. என்னும் நோயாக இருக்கலாம். அதில் உடலின் எதிர்ப்பொருள்கள் தட்டணுக்களையே அழிக்கின்றன. டி.டி.பி. ஆகவும் இருக்கலாம், அதில் தட்டணுக்கள் அழிக்கப்படவில்லை, உறைகட்டிகளில் சிக்கிச் செலவாகிவிட்டன. ஒரே எண்ணுக்கு மூன்று பொருள். மூன்றுக்கும் மருத்துவம் வேறு. தட்டணு குறைந்ததே என்று டி.டி.பி. நோயாளிக்குத் தட்டணு ஏற்றுவது, அடைபட்ட வாய்க்காலில் மேலும் தழையை அள்ளிப் போடுவதை ஒக்கும் என்னும் அச்சத்தால், உயிருக்கு இடரான குருதிப்பெருக்கு இருந்தாலன்றி மருத்துவர்கள் அதனைத் தவிர்க்கின்றனர்.

அநேகாந்தம் பேசும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஒரு பொருளை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கண்டு முடிவு கட்டுவது ஏகாந்தம். அதனை நாம் வாதமேடைக்கு உரிய குற்றமாகவே எண்ணி வந்திருக்கிறோம். நோயாளியின் படுக்கையருகில் ஏகாந்தம் உயிரைப் பறிக்கும். தட்டணு குறைவு என்றதும் டெங்குவென்றே துணிந்து, வீட்டில் பப்பாளியிலைச் சாறு கொடுத்துக்கொண்டு மூன்று நாள் பார்ப்போம் என்றிருப்பது அத்தகைய ஏகாந்தமே. ஒரு துளிக் குருதியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் கிழிந்த செவ்வணுக்கள் உள்ளனவா என்று பார்ப்பது பெருஞ்செலவு பிடிக்கும் சோதனையன்று. தட்டணுக் குறைவோடு மனக்குழப்பமோ இரத்தசோகையோ காணும்போது, அச்சோதனை செய்யப்பட்டதா என்று கேட்கும் உரிமை குடும்பத்தார்க்கு உண்டு.

வினையைப் பற்றிய நம் எண்ணத்திலும் இதே ஏகாந்தம் புகுந்துவிடுகிறது. நிகழ்ச்சி ஒவ்வொன்றுக்கும் காலம், இயல்பு, நியதி, வினை, முயற்சி என ஐந்து காரணங்கள் கூடி நிற்கும் என்று நம் ஆசாரியர்கள் கூறுவர். நோயைக் கண்டவுடன் வினை ஒன்றனையே எடுத்துக்கொண்டு மற்றை நான்கையும் கைவிடுவது சமணக் கொள்கையன்று. முயற்சியும் காரணங்களுள் ஒன்றாகவே வைக்கப்பட்டிருக்கிறது. மருத்துவரிடம் செல்லும் கால்நடையும் அதனுள் அடங்கும்.

மருந்தற்ற நோய் மருந்துள்ளதாயிற்று

1924ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் மருத்துவர் ஈலை மாஸ்கோவிட்ஸ் இந்நோயை முதன்முதலில் விவரித்தார். அவர் கண்ட நோயாளி 16 வயதுச் சிறுமி. காய்ச்சலும் வெளிறலும் கண்டு, உடலின் ஒருபக்கம் செயலிழந்து, சின்னாள்களில் இறந்தாள். அவளது உறுப்புகளின் நுண்குழாய்களில் உறைகட்டிகள் நிறைந்திருந்தன. அதன்பின் பல பத்தாண்டுகள் இந்நோய் வந்தவரில் பத்தில் ஒன்பது பேர் இறந்தனர். மருத்துவர் அருகிருந்தும் செய்வதற்கொன்றும் இல்லை.

பின்னர், நலமுடையவரின் பிளாஸ்மா என்னும் குருதிநீர்மத்தைச் செலுத்தினால் சிலர் பிழைப்பது தெரிய வந்தது. 1991இல் கனடா நாட்டு மருத்துவர்கள் 102 நோயாளரிடம் நடத்திய ஆய்வு ஐயத்தைத் தீர்த்தது. பிளாஸ்மாவை வெறுமனே ஏற்றியவர்களில் ஆறு மாதத்திற்குப் பின் 63 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். நோயாளியின் பிளாஸ்மாவை எந்திரத்தால் பிரித்தெடுத்துவிட்டுக் கொடையாளரின் பிளாஸ்மாவால் ஈடுசெய்தவர்களில் 78 விழுக்காட்டினர் இருந்தனர். பகையான எதிர்ப்பொருள்கள் வெளியேறுகின்றன; குறைந்த நொதி உள்ளே வருகிறது. இம்முறை ஏன் பயனளிக்கிறது என்பது 1998க்குப் பிறகே, அந்த நொதியின் குறைபாடு கண்டறியப்பட்டபோது விளங்கியது. இன்று ஸ்டீராய்டு, ரிட்டுக்சிமாப் முதலிய மருந்துகளும் இதனோடு சேர்ந்துகொண்டன. தக்க நேரத்தில் மருத்துவம் பெறுவோரில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கின்றனர்.

இவ்வரலாற்றைக் கூறுவதற்குக் காரணம் உண்டு. சமந்தபத்திர சுவாமிகளின் இரத்தின கரண்டகச் சிராவகாசாரமும், அதன் வழிவந்த தமிழ்நூலாகிய அருங்கலச்செப்பும், சல்லேகனை மேற்கொள்ளத் தக்க நிலைகளைக் கூறுமிடத்து, நீக்கவியலா இடையூறு, பஞ்சம், மூப்பு ஆகியவற்றோடு நோயையும் வைக்கின்றன. ஆனால் எல்லா நோயையும் வைக்கவில்லை. தீர்க்கும் வழியற்ற நோய் என்றே அடையோடு கூறப்பட்டது. அந்த அடைமொழியை நாம் நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு நோய் தீர்வற்றதா என்பது நூலில் எழுதி முடிந்துவிட்ட செய்தியன்று. அக்காலத்து மருத்துவ அறிவைப் பொறுத்தது. நம் பாட்டியர் காலத்தில் தீர்வற்றதாக இருந்த இந்நோய் இன்று தீர்வுள்ளது. நோய் அதுவே, ஆனால் நோயாளியின் அறம் மாறிவிட்டது. அன்று மனத்தை அமைதிப்படுத்திக்கொண்டு உடலை விடுவது பொருத்தமாயிருந்திருக்கலாம். இன்று அதே செயல், கதவு திறந்திருக்க அறைக்குள்ளிருந்து புகையில் மடிவதாகும்.

ஓர் இல்லத்தில் எழுந்த வினா

சில ஆண்டுகளுக்கு முன் எம் உறவினர் குடும்பம் ஒன்றில் இவ்வினா நேராகவே எழுந்தது. முப்பத்து நான்கு வயதுடைய பெண். இரு குழந்தைகளின் தாய். சில நாள் சோர்வைச் சதுர்த்தசி நோன்பின் களைப்பென்றே வீட்டார் எண்ணினர். பின்னர்க் கால்களில் புள்ளிகள் தோன்றின. ஒரு காலை, கையிலிருந்த கரண்டிக்குப் பெயர் சொல்லத் தெரியாமல் அவள் விழித்தாள். பெரிய மருத்துவமனையில் சேர்த்தபோது தட்டணு 14,000. நுண்ணோக்கியில் கிழிந்த செவ்வணுக்கள் காணப்பட்டன. நொதிச் சோதனையின் முடிவு வரச் சில நாளாகும், அதுவரை காத்திராமல் அன்றே பிளாஸ்மா மாற்றம் தொடங்க வேண்டும் என்றனர் மருத்துவர்கள்.

அப்பொழுது அவளுடைய மாமியார், பல ஆண்டுகளாக விரதங்களை வழுவாது காப்பவர், இவ்வாறு கேட்டார்: "எத்தனை பேருடைய குருதி இவள் உடம்பில் ஏறப்போகிறது! அவர்கள் என்ன உண்டார்களோ, எப்படி வாழ்ந்தார்களோ! இத்தனை நாள் காத்த விரதம் எல்லாம் என்னாவது? வினை வந்தது, அதை அருகன் நாமம் சொல்லிக் கழிக்கலாகாதா?"

இதனை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. யாம் அவ்வாறு ஒதுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக நாவையும் கையையும் கட்டுப்படுத்தி வாழ்ந்த ஒரு மனம் நேர்மையாகக் கேட்ட வினா அது. நேர்மையான விடையும் அதற்கு உரியது. அன்றிரவு கணவர் கையொப்பமிட்டார், மருத்துவம் தொடங்கியது. ஒன்பது நாள் நாளும் பிளாஸ்மா மாற்றினர். ஐந்தாம் நாள் அவள் தன் குழந்தைகளின் பெயரைத் தடுமாறாமல் கூறினாள். பின்னர்த் தட்டணுக்களும் படிப்படியே ஏறின. ஆனால் பிழைத்தாள் என்பதனாலேயே செய்தது அறம் என்று ஆகிவிடாது. பிழையாதிருந்தாலும் அஃது அறந்தானா என்று பார்ப்பதே முறை.

முதலாவது, சல்லேகனை பற்றியது. அது தெளிந்த உணர்வோடு, ஆசாரியர் அல்லது பெரியோர் முன்னிலையில், விருப்பு வெறுப்பின்றித் தானே ஏற்கும் விரதம். கரண்டியின் பெயர் மறந்தவளால் விரதம் ஏற்க இயலாது. அவள் சார்பில் வேறொருவர் ஏற்கவும் இயலாது. ஒருவர் பொருட்டு மற்றொருவர் உண்ணாதிருக்கலாம். ஒருவர் பொருட்டு மற்றொருவர் அவரது உயிரை விட்டுக்கொடுத்தல் ஆகாது. மூளையைத் தாக்கும் நோயில் நோயாளியின் மௌனம் இசைவன்று. தீர்வுள்ள நோயில் அவளைக் காவாது விடுவது, விரதத்தின் பெயரைத் தாங்கிய புறக்கணிப்பாகவே முடியும்.

இரண்டாவது, புலாலுண்போர் குருதி பற்றியது. வினை என்பது உயிர் தன் எண்ணம், சொல், செயல்களால் தனக்கே ஈட்டிக்கொள்வது. ஒருவர் செய்த வினை மற்றொருவரைச் சென்று பற்றாது என்பது நம் கொள்கையின் அடித்தளம். தந்தையின் வினை மகனுக்கு மாறாதபோது, முகமறியாத ஒருவரின் வினை ஒரு பை நீர்மத்தின் வழியே எவ்வாறு மாறும்? குருதி புத்கலம், உணவாக நாம் உட்கொள்ளும் நெல்லும் நீரும் எவ்வாறு புத்கலமோ அவ்வாறே இதுவும். அந்நெல்லை விளைத்த உழவர் என்ன உண்டார் என்று நாம் கேட்பதில்லை. புலால் விலக்கப்பட்டது, அதன்பொருட்டு ஓர் உயிர் கொல்லப்படுவதனால். பிளாஸ்மாவின் பொருட்டு எவ்வுயிரும் கொல்லப்படவில்லை. கொடுத்தவர் கொடுத்துவிட்டுத் தம் தொழிலுக்குத் திரும்பிச் செல்கிறார். அவர் இழந்த நீர்மத்தை அவர் உடல் சில நாள்களிலேயே ஈடுசெய்துகொள்கிறது. விலைக்கு வாங்கியதென்னும் குறையும் இல்லை. உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, 1998 ஜனவரி முதல் நாளிலிருந்து நம் நாட்டில் குருதியை விற்பது தடைசெய்யப்பட்டுள்ளது. ஆகவே அது தானமாகவே வர வேண்டும் என்பது சட்டம்.

மருந்தினுள் இருக்கும் இம்சை

மூன்றாவது வினா இன்னும் கடினமானது. அதனை மழுப்புதல் தகாது. பிளாஸ்மாவில் கொலையில்லை எனினும் மருந்துகள் யாவும் அவ்வாறல்ல. ஹெப்பாரின் என்னும் உறைதடுப்பு மருந்து பன்றியின் குடற்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. மருந்துறைகள் பல விலங்கின் எலும்பிலும் தோலிலும் பெறப்படும் ஜெலட்டினால் ஆனவை. ரிட்டுக்சிமாப், வெள்ளெலி இனம் ஒன்றிலிருந்து 1950களில் எடுக்கப்பட்டு இன்றுவரை ஆய்வுக்கூடத்தில் வளர்ந்துவரும் உயிரணுக்களைக் கொண்டு ஆக்கப்படுகிறது. 2018இல் ஐரோப்பாவிலும் 2019இல் அமெரிக்காவிலும் இசைவு பெற்ற காப்லாசிசுமாப் என்னும் மருந்து, ஒட்டக இனத்தைச் சேர்ந்த லாமாவின் எதிர்ப்பொருளை முன்மாதிரியாகக் கொண்டு, நுண்ணுயிரிகளில் ஆக்கப்படுவது. இக்கால மருந்துகளுள் பெரும்பாலானவை மனிதர்க்கு வருமுன் விலங்குகளிடம் சோதிக்கப்பட்டவையே.

இம்சையைச் சங்கற்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நால்வகைப்படுத்தி, இல்லறத்தார் முற்றும் விடவேண்டியது கொல்வோம் என்னும் எண்ணத்தோடு செய்யும் சங்கற்ப இம்சை என்று நம் பெரியோர் வகுத்தனர். உயிர் காக்க மருந்துண்பவரிடம் அவ்வெண்ணம் இல்லை. ஆயினும் எண்ணம் இல்லை என்பதனால் இம்சையே இல்லை என்று கூறிக்கொள்வதும் நேர்மையன்று. ஆகவே இடைவழியொன்று வேண்டும். தாவரத்தாலோ வேதிமுறையாலோ ஆன ஒத்த மருந்து உண்டா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். இருப்பின் அதனையே கொள்ள வேண்டும். ஜெலட்டின் உறைக்கு மாற்றாக மாத்திரையோ நீர்மருந்தோ பல வேளைகளில் கிடைக்கும். மாற்று இல்லாதபோது, அல்லது தேடிக்கொண்டிருந்தால் உயிர் போய்விடும் என்னும்போது, கொடுப்பதை ஏற்று, நலமடைந்தபின் பிரதிக்கிரமணத்தில் அதனையும் எண்ணி வருந்துதல் வேண்டும். கேட்காமல் ஏற்பது அலட்சியம். கேட்டுக்கொண்டே உயிரை விடுவது விபரீதம்.

முற்கூறிய மூதாட்டியார் இன்றும் முழுதும் மனம் ஒப்பியதாகக் கூறுவதில்லை. "செய்தது சரிதான், ஆனாலும் உள்ளே ஒரு கூச்சம் இருக்கிறது" என்பார். அக்கூச்சம் போற்றத்தக்கதென்றே யாம் கருதுகிறோம். அகிம்சை ஒரு குடும்பத்தில் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். கூச்சம் இருக்கட்டும், அது கையொப்பமிடும் கையைப் பற்றி நிறுத்தாதிருந்தால் போதும்.

நோயோடு வாழ்தலும் விரதமும்

டி.டி.பி. ஒருமுறை தணிந்தபின் மீண்டும் வரக்கூடிய நோய். ஆதலின் நலமடைந்தவரும் மருத்துவர் குறித்த இடைவெளியில், நொதியின் அளவையும் தட்டணு எண்ணிக்கையையும் வாழ்நாள் முழுதும் சோதித்துவர வேண்டும். நொதி குறைவதை முன்கூட்டியே கண்டால், நோய் வெளிப்படுமுன்னரே தடுக்க வழியுண்டு. ஸ்டீராய்டு மருந்தைத் தாமாகவே திடீரென நிறுத்துதல் கேடு. தட்டணு குறைந்திருக்கும் காலத்தில் வலிநீக்கி மாத்திரைகளைக் கேளாமல் விழுங்குதல் கூடாது. நாட்டுமருந்து எதுவாயினும் மருத்துவரிடம் மறையாது கூற வேண்டும். மீண்டும் கருவுற எண்ணும் பெண்கள் முன்னதாகவே குருதியியல் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். நோயின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டையொன்று எப்போதும் கைப்பையில் இருப்பது நலம். சுயநினைவு குழம்பும் நோயில் அந்த அட்டையே நோயாளிக்காகப் பேசும்.

இங்கே நம் இல்லங்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஸ்டீராய்டு மாத்திரையை வெறுவயிற்றில் உண்ணலாகாது. சில மருந்துகள் இரவில் உண்ண வேண்டியவை. அட்டமி சதுர்த்தசி உபவாசமும் இரவுண்ணாமையும் காப்பவர் என்ன செய்வது? ஸ்டீராய்டைப் பெரும்பாலும் காலையிலேயே உணவோடு கொள்ளலாம் என்பதால், மருத்துவரிடம் கூறினால் பகலுக்குள் அமையும்படி அவர் வகுத்துத் தர இயலும். அவ்வாறு அமையாத மருந்துக்கு விரதத்தைத் தளர்த்துதல் தவறாகாது. குந்தகுந்த ஆசாரியர் தம் பிரவசன சாரத்தில், துறவிகளைப் பற்றிக் கூறுமிடத்தும், இளமை, முதுமை, களைப்பு, நோய் ஆகியவற்றைக் கருதி, மூலநெறி கெடாதவாறு தத்தம் ஆற்றலுக்கேற்ப ஒழுகுதலை ஏற்கிறார். பொது விதிக்கு உற்சர்க்கம் என்றும், நிலைமை நோக்கிய விலக்குக்கு அபவாதம் என்றும் பெயர். அனைத்தையும் துறந்தார்க்கே விலக்கு உண்டெனில், மக்களை வளர்க்கும் இல்லறத்தாளுக்கு இல்லையா? உணவைக் குறைக்க இயலாத நாளில் சினத்தைக் குறைக்கலாம்; உண்ணாநோன்பு கூடாதபோது சொல்லாநோன்பு கொள்ளலாம். ஜபமும் சுவாத்தியாயமும் எந்த மருந்தோடும் மாறுபடுவதில்லை.

ஏற்றவர் கடன்

இறுதியாக ஒரு கணக்கு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒருமுறை பிளாஸ்மா மாற்றுவதற்கு ஏறத்தாழ மூன்று லிட்டர் வேண்டும். ஒருவர் தரும் குருதியிலிருந்து கிடைக்கும் பிளாஸ்மா 200 மில்லி லிட்டர் அளவே. எனவே ஒருநாள் மருத்துவத்திற்கே பதினைந்து பேர் தேவை. ஒன்பது நாளுக்கு 135 பேர். முன்கூறிய பெண்ணின் உயிருக்காக, நூற்றுக்கு மேற்பட்டோர் முன்பே ஏதோ ஒருநாள் தம் கையை நீட்டியிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரும் அவளை அறியார். அவளும் அவர்களை அறியாள். எச்சாதி, எச்சமயம் என்று பையின்மேல் எழுதியிருக்கவில்லை. வகையும் நாளும் மட்டுமே எழுதியிருந்தன.

பகவான் மகாவீரரின் 2500ஆம் நிர்வாண ஆண்டையொட்டி நாம் ஏற்ற சமணச் சின்னத்தின் அடியில், உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாதல் என்னும் கருத்து பொறிக்கப்பட்டிருக்கிறது. நம் ஆலயச் சுவர்களிலும் திருமண அழைப்பிதழ்களிலும் அச்சின்னத்தை இட்டு மகிழ்கிறோம். அதன் பொருளை இதனினும் தெளிவாகக் காட்டும் இடம் ஒரு குருதி வங்கியைத் தவிர வேறுண்டோ?

பிறர் குருதியை ஏற்கலாமா என்று வினவிய நாம், இனிக் கேட்க வேண்டிய வினா வேறு. ஏற்கும் சமூகமாக மட்டும் இருக்கலாமா? குருதி கொடுத்தல் ஔடத தானம். சாவின் அச்சத்தை நீக்குதலின் அபய தானமும் ஆகும். 18 முதல் 65 வயதுக்குட்பட்டு, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் போதிய இரத்தச்செறிவும் உடைய நலமுள்ளோர் கொடுக்கலாம். ஆடவர் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்டிர் 120 நாளுக்கு ஒருமுறையும் கொடுக்க விதி இடந்தருகிறது. உபவாச நாளில் மட்டும் கொடுத்தல் கூடாது; பாரணைக்குப் பின் வேறொரு நாளில் கொடுக்கலாம். மகாவீர ஜெயந்தியன்று அன்னதானம் செய்யும் ஊர்கள் அவ்வாரத்திலேயே ஒருநாள் குருதிக்கொடைக்கும் ஒதுக்கினால், நம் இளைஞர் ஏற்போர் வரிசையிலிருந்து ஈவோர் வரிசைக்கு இடம் பெயர்வர்.

நோய் வினையால் வந்ததாகவே இருக்கட்டும். அதனைத் தீர்க்கும் வழி உலகில் இருக்கிறது என்பதும், அவ்வழிக்குப் பொருளாகத் தம் குருதியை முகமறியாத மாந்தர் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்பதும் வெறும் தற்செயல்கள் அல்ல. வினையைப் பொறுமையோடு ஏற்போம். மருந்தைக் காலந்தாழ்த்தாது ஏற்போம். ஏற்ற கடனை மறவாது ஈவோம்.

கொல்லா நெறி ஓங்குக! அறம் வளர்க!